நட்டைத் தளர்த்தியும் சிலிப் ஆகாத சிலிப்பர் கிளட்ச் (1/10 டிரக், பின் சக்கர ஓட்டம்)

#1 · செம்மண்தடம் · பல்லடம்

வணக்கமுங்க. வண்டி ரிமோட்ல ஓடற 1/10 அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக். பின் சக்கர ஓட்டம், பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் லிப்போ பேட்டரி. பினியன் (மோட்டார் முனையில இருக்கற சின்னக் கியர்) 19 பல், ஸ்பர் (அது ஓட்டற பெரிய கியர்) 86 பல், 48 பிட்ச் (பல்லோட அளவு). சிலிப்பர் (அடி விழுந்தா வழுக்கி மத்த கியரைக் காப்பாத்தற கிளட்ச்) பெக் வகை: ஸ்பர் கியரோட ஓட்டைகள்ல பெக் (உராய்வுத் துண்டு) உட்கார்ந்திருக்கும், ரெண்டு பக்கமும் தட்டு, வெளித்தட்டு மேல சுருள் ஸ்பிரிங், வாஷர், 4 எம்.எம். நைலாக் நட்.

கோளாறு: நட்டை ரெண்டு சுற்று தளர்த்தியும் சிலிப் ஆகறதில்ல. பின் சக்கரம் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு ஸ்பரைக் கட்டைவிரல்ல தள்ளினா அசையறதே இல்ல. ஓட்டறப்ப கொஞ்ச நேரம் அப்படியே இழுத்துட்டுப் போகுது, அப்புறம் ‘டக்’குனு விட்டு மோட்டார் மட்டும் கத்துது, உடனே மறுக்கா பிடிச்சுக்குது. ஸ்பர்ல ஒரே இடத்துல நாலு பல்லு நுனி மழுங்கியிருக்கு. மழைக்காலம் முழுக்க வண்டி தோட்டத்துச் சாளையில சும்மா கெடந்துச்சு.

பெக் மாத்தினாப் போதுமா, இல்ல ஒட்டுக்கா செட்டையே மாத்தணுமா?

#2 · வேகத்தடை · திருப்பூர்

துருநீக்கி ஸ்பிரே ரெண்டு பீச்சு பீச்சுங்க, தானா விட்டுக்கும்.

#3 · லேத்துமேடை · கணபதி, கோவை

தம்பி, அந்த வேலையை மட்டும் செஞ்சிராதீங்க. விட்டுக்கும்கறது நிசம்தான், ஆனா அதுக்கப்புறம் எப்பவுமே பிடிக்காது. பெக் எண்ணெயை உறிஞ்சிக்கும். மேலாகத் துடைச்சாலும் சூடேறினா உள்ளே இருக்கறது கசிஞ்சு தட்டுல படலமா நிக்கும். எண்ணெய் குடிச்ச பெக்கை அடுப்புல காய வெச்சு மீட்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. வாங்கற பெக்கோட விலைக்கு அந்த மெனக்கெடு எதுக்கு?

பல்லடத்துத் தம்பிக்கு: எதையும் மாத்தறதுக்கு முன்னால எது பிடிச்சிருக்குன்னு பாருங்க. நட்டைத் தளர்த்தினா ஸ்பிரிங் மட்டும்தான் தளருது. கிளட்ச் தளரணும்னா வெளித்தட்டு ஷாஃப்ட் மேல வெளியே நகரணும், பெக் தட்டை விட்டு விலகணும், ஸ்பர் தன் புஷ் மேல சுத்தணும். இந்த மூணுல ஒண்ணு சிக்கினாலும் நட்டு எங்க இருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

#4 · நொய்யல்கரை · சூலூர்

லேத்துமேடை அண்ணன் சொன்னதை வரிசையாகச் செய்து பார்க்கும் விதம் இது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் மோட்டார் திருகைத் தளர்த்தி, பினியனை ஸ்பரிலிருந்து விலக்குங்கள். பின் சக்கரங்களைச் சுற்றினால் ஸ்பரும் சேர்ந்து இலகுவாகச் சுற்ற வேண்டும். இங்கேயே இறுக்கம் இருந்தால் கோளாறு கியர் பாக்ஸில். சிலிப்பரைத் தொட வேண்டியதே இல்லை.

அடுத்து 7 எம்.எம். பாக்ஸ் ஸ்பேனரால் நட்டை முழுவதும் கழற்றி, வாஷர், ஸ்பிரிங் இரண்டையும் எடுத்துவிடுங்கள். இப்போது அழுத்தம் பூஜ்யம். சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை ஒரே விரலால் சுற்றுங்கள். சுற்றினால் உங்கள் சிக்கல் ஸ்பிரிங், வாஷர், நட் இந்த மூன்றுக்குள். சுற்றவில்லையென்றால் வெளித்தட்டை விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல தட்டு, ஷாஃப்டைச் செங்குத்தாகக் கவிழ்த்தால் தன் எடையிலேயே வழுக்கி விழும். அது வராவிட்டால் தட்டு ஷாஃப்டில் சிக்கியிருக்கிறது.

தட்டு வந்த பிறகும் ஸ்பர் சுற்றவில்லையென்றால், உள்தட்டோடு பெக் ஒட்டியிருக்கிறது அல்லது நடுப் புஷ் பிடித்திருக்கிறது. ஸ்பரை லேசாகத் திருகிக்கொண்டே இழுங்கள். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். நைலான் ஸ்பர் வளைந்தால் பிறகு ஆட்டம் போடும்.

கழற்றும் வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிப் படம் எடுத்துவையுங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது பிறகு நிச்சயம் விவாதமாகும்.

#5 · காங்கயக்காளை · காங்கயம்

இவ்வளவு எதுக்கு? நட்டை முழுசா இறுக்கி லாக் பண்ணிட்டு ஓட்டுங்க. பாறை ஏறுற கிராலர்ல சிலிப்பரே இல்லாமத்தானே ஓடுது.

#6 · லேத்துமேடை · கணபதி, கோவை

கிராலர் நடை வேகத்துல போற வண்டி. இது பிரஷ்லெஸ் போட்டு எகிறிக் குதிக்கற வண்டி. காத்துல இருக்கறப்ப திராட்டிலைப் பிடிச்சுக்கிட்டே கீழ விழுந்தா, முழு வேகத்துல சுத்தற டயர் ஒரே நொடியில தரையில பட்டு நிக்கும். மோட்டாரோட ரோட்டர் நிக்காது. அந்த வேகம் எங்கயாவது இறங்கியாகணும். சிலிப்பர் வழுக்கலைன்னா ஸ்பர் பல்லு, ஐட்லர் கியர், டிஃப் (டிஃபரன்ஷியல்) அவுட்புட், டிரைவ் ஷாஃப்ட் யோக் இதுல எது இளைச்சதோ அது போகும். முதல் பதிவுல ‘ஒரே இடத்துல நாலு பல்லு’ன்னு எழுதியிருக்காரே, அது இந்த அடிதான். பினியன் மெஷ் (ரெண்டு கியரோட பல்லும் பொருந்தற இடைவெளி) தப்பா இருந்தா 86 பல்லும் சமமாத் தேயும், நாலு மட்டும் மழுங்காது.

#7 · செம்மண்தடம் · பல்லடம்

நொய்யல்கரை அண்ணா சொன்ன மாதிரியே கழட்டிப் பார்த்தாச்சுங்ணா. கியர் பாக்ஸ் இலகுவாச் சுத்துது. ஸ்பிரிங் எடுத்த பின்னாலயும் ஸ்பர் அசையல. வெளித்தட்டு இழுத்தா வரவே இல்ல, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளினப்புறம்தான் வந்துச்சு. அது வந்தும் ஸ்பர் உள்தட்டோட ஒட்டியே இருந்தது. திருகினதும் ‘டிக்’னு சத்தத்தோட கழண்டுச்சு.

வெளித்தட்டு அலுமினியம், உள்தட்டு இரும்பு (காந்தம் பிடிக்குது). உள்தட்டுல பெக் நின்ன இடமெல்லாம் துரு, பெக் உருவத்துலயே அச்சு விழுந்திருக்கு. வெளித்தட்டுல கருப்பா வழவழன்னு ஒரு பூச்சு, நகத்துல சொரண்டினா சுருளாட்டம் வருது.

#8 · நொய்யல்கரை · சூலூர்

சுருளாக வருவது நைலான். பெக்கின் பொடியாக இருந்தால் மாவாக உதிரும். அதாவது ஸ்பரின் உடம்பே வெளித்தட்டில் உரசி உருகியிருக்கிறது. பெக் தேய்ந்து ஸ்பர் மட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

வெர்னியர் இருந்தால் ஸ்பர் உடம்பின் தடிமனையும் ஒவ்வொரு பெக்கின் தடிமனையும் தனித்தனியாக அளந்து போடுங்கள். வெர்னியர் இல்லாதவர்களுக்கு: ஸ்பரைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து, பெக்குகளைக் கண்ணாடியில் படும்வரை கீழே தள்ளி, குறுக்கே எஃகு ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலுக்கும் ஸ்பருக்கும் நடுவே ஜெராக்ஸ் தாள் நுழைய வேண்டும். 80 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.1 எம்.எம். அதுவே நுழையாவிட்டால் அந்தப் பெக் முடிந்தது.

#9 · செம்மண்தடம் · பல்லடம்

ஸ்பர் உடம்பு 3.0. பெக் 3.05-ல இருந்து 3.2 வரைக்கும் ஆளுக்கு ஒரு அளவா இருக்கு. ஸ்பேர் பாக்கெட்ல இருக்கற புதுப் பெக் 3.5.

பழசை ஸ்பர்லயே வெச்சு, கண்ணாடி மேல வாட்டர் பேப்பர் போட்டு ஒட்டுக்கா தேச்சா சமமாயிருமா?

#10 · வேகத்தடை · திருப்பூர்

ஆகும், எட்டு போட்டுத் தேயுங்க. நாலு பக்கமும் சமமா வந்துரும்.

#11 · லேத்துமேடை · கணபதி, கோவை

முழு வட்டமா ஒரே பேட் இருக்கற சிலிப்பர்னா அது சரி. இங்க பெக் ஒவ்வொண்ணும் ஓட்டைக்குள்ள தனியா மிதக்குது. கண்ணாடியில வெச்சா எல்லாமே கீழ இறங்கித் தாள்ல உட்கார்ந்துக்கும், 3.2-ம் தேயும், 3.05-ம் தேயும். வித்தியாசம் அப்படியே இருக்கும், எல்லாம் மெலிஞ்சதுதான் மிச்சம்.

மிதக்கற பெக்குல தட்டு தொடறது தடிச்சதை மட்டும்தான். ரெண்டு மூணு பெக் மொத்த ஸ்பிரிங் அழுத்தத்தையும் தாங்கும், மத்ததெல்லாம் சும்மா கூட வரும். அதனால செட்டா மாத்தணும். பழசுல நல்லதுன்னு நாலைப் பொறுக்கிப் புதுசோட கலக்கக் கூடாது. புதுப் பாக்கெட்லயும் அளந்து பாருங்க; ஒண்ணு ரெண்டு 0.05 தடிச்சிருந்தா அதை மட்டும் 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல விரலால ரெண்டு இழுப்பு. தண்ணி தொட்டுத் தேயுங்க. அந்தப் பொடியை ஊதக் கூடாது, மூச்சுல போகும்.

#12 · நொய்யல்கரை · சூலூர்

தட்டு சிக்கிய விஷயம் இன்னும் பாக்கி. வெளித்தட்டின் நடு ஓட்டையையும் ஷாஃப்டின் மட்டத்தையும் விளக்கில் பாருங்கள். பெக் வழியாக வரும் விசையில் பாதி வெளித்தட்டு வழியாகத்தான் ஷாஃப்டுக்குப் போகிறது. அந்தப் பாதியைத் தாங்குவது சீவிய இரண்டு மட்டங்களின் விளிம்பு. கடினமான எஃகு ஷாஃப்ட், மெத்தான அலுமினியத் தட்டு: ஒவ்வொரு அடியிலும் தட்டின் விளிம்பு கொஞ்சம் பிதுங்கிப் பிசிறு எழும். பிசிறு ஷாஃப்டைக் கவ்விக்கொண்டால் ஸ்பிரிங் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் நடந்த வரிசையையும் இதிலிருந்து ஊகிக்கலாம். பெக் தேய்ந்தது, தட்டு கூடவே உள்ளே நகர வேண்டியது, பிசிறால் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது, ஒரு கட்டத்தில் சாய்ந்து ஸ்பர் உடம்பைத் தொட்டு நைலானை உருக்கியது. அதன் மேல் மழைக்கால ஈரம்.

#13 · ஆழியாறு · பொள்ளாச்சி

அந்த ஈரத்தைப் பத்தி ஒண்ணு சேர்க்கறேன். மழையில நிறுத்தின பைக்கோட டிரம் பிரேக் காலையில பிடிச்சுக்கற மாதிரியேதான் இதுவும். பெக் ஈரத்தை உறிஞ்சும், அதுக்கடியில இரும்புத் தட்டு துருப்பிடிக்கும், ஸ்பிரிங் அழுத்திக்கிட்டே இருக்கும். துரு பெக்குக்குள்ள கடிச்சு நிக்கும். அந்தக் கடி விடறதுக்கு வேணும்ங்கற விசை ரொம்ப அதிகம், விட்ட பின்னால வழுக்கறதுக்கு ரொம்பக் குறைவு. அதனாலதான் அவருக்கு ‘டக்’குனு விட்டு மறுக்கா பிடிக்குது. நல்ல சிலிப்பர் முனகிக்கிட்டே வழுக்கும், டக்குனு சத்தம் வராது.

வாரக்கணக்கா நிறுத்தறதா இருந்தா நட்டை ரெண்டு சுற்று தளர்த்தி வெச்சிருங்க. எத்தனை சுற்றுன்னு ஒரு டேப்புல எழுதி டிரான்ஸ்மிட்டர் பின்னால ஒட்டிருங்க, மறந்துட்டு அப்படியே ஓட்டினா ஸ்பர் பொசுங்கிரும்.

#14 · லேத்துமேடை · கணபதி, கோவை

வேலை முறை, தம்பி.

பிசிறு: தட்டு ஓட்டையோட ரெண்டு முகத்துலயும் விளிம்பை ஊசி அரத்தால லேசா ஒடைச்சு விடுங்க. எழும்பினதை மட்டும்தான் எடுக்கணும். உள் மட்டத்தை அராவினா தட்டு ஷாஃப்ட்ல தொளதொளன்னு ஆடி, அடி இன்னும் பலமா விழுந்து ஒரு வாரத்துல மறுக்கா இதே கதை. ஷாஃப்ட் பக்கம் 600 நம்பர் தாளை அட்டைத் துண்டுல சுத்தி நாலு இழுப்புப் போதும். அரம் ஷாஃப்ட்ல வேண்டாம். கடைசியா காய்ஞ்ச ஷாஃப்ட்ல தட்டை விட்டுப் பாருங்க, எண்ணெய் போட்டு வழுக்கறது கணக்கில்ல.

இரும்புத் தட்டு: கண்ணாடி மேல 400, அப்புறம் 600, தண்ணி தொட்டு. துரு அச்சு மறையற வரைக்கும் தேயுங்க, பள்ளம் விழுந்திருந்தா விட்டுட்டுப் புதுசு வாங்குங்க. கண்ணாடியாட்டம் பளபளப்பு வேண்டாம், மங்கலா நிக்கணும். பளபளத்தா முதல்ல வழுக்கிட்டே இருந்து சூடாகும். நம்ம ஊர்லதான் தெருவுக்கு ஒரு லேத் இருக்கேன்னு தட்டை முகம் பிடிக்கக் கொண்டுபோறவங்க இருக்காங்க. 0.1-க்கு மேல எடுக்கச் சொல்லாதீங்க, ரெண்டு முகமும் இணையா வரணும். அலுமினியத் தட்டை அப்படி மெனக்கெட்டு மீட்கறதுக்கு அர்த்தம் இல்ல, உருகின நைலான் போகலைன்னா மாத்திருங்க.

#15 · வேகத்தடை · திருப்பூர்

கழுவறதுக்குப் பெட்ரோல் போதும்தானுங்களே? சானிடைசர்கூட ஸ்பிரிட்தானே.

#16 · நொய்யல்கரை · சூலூர்

சானிடைசர் பெரும்பாலும் கிளிசரின் கலந்தது. காய்ந்த பிறகு கை வழவழப்பாக இருப்பது அதனால்தான். அதே வழவழப்பு தட்டிலும் நிற்கும். மண்ணெண்ணெயும் படலம் விடும். பெட்ரோல் தீ ஆபத்து, எண்ணெய் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னும் மோசம். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். அதில் தட்டையும் ஸ்பர் முகத்தையும் துடைத்து, பத்து நிமிடம் காய விடுங்கள். பெக்கை அதில் ஊற வைக்க வேண்டாம்.

துடைக்க, உங்கள் ஊர்ப் பனியன் வேஸ்ட்டே நல்லது. வெள்ளை வேஸ்ட்டாக எடுங்கள். சாயத் துணி ஆல்கஹாலில் நிறம் இறங்கும். நூல் பிசிறு விடும், ஆகவே கடைசித் துடைப்பு மட்டும் டிஷ்யூ தாளில்.

நடுப் புஷ்ஷில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் எடுத்து. பேரிங் இருக்கும் மாடலாக இருந்தாலும் ஒரு சொட்டுதான். மிஞ்சினால் சுழற்சியில் வெளியே தெறித்து நேராகப் பெக்கில் போய் உட்காரும். கிரீஸ் இந்தப் பக்கமே வரக் கூடாது, புழுதியைப் பிடித்து வைக்கும்.

#17 · செம்மண்தடம் · பல்லடம்

தட்டு இப்ப கவிழ்த்தினா தானா விழுகுதுங்ணா. வெளித்தட்டு புதுசுக்குச் சொல்லியாச்சு. ஸ்பர் புதுசு, பெக் ஒரு செட் புதுசு.

நட்டு எங்க வெக்கறதுன்னுதான் குழப்பம். முன்னால நட்டுக்கு வெளியே ரெண்டு புரி தெரியற மாதிரி வெச்சு ஓட்டிட்டு இருந்தது.

#18 · லேத்துமேடை · கணபதி, கோவை

புரிக் கணக்கு தேயற பெக்குக்கு ஒத்து வராது. எம்4 புரியோட பிட்ச் 0.7. ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்பிரிங் 0.7 எம்.எம். நகருது. உங்க பெக் 3.5-ல இருந்து 3.1 ஆச்சுன்னா 0.4 போச்சு, அதாவது அரைச் சுற்றுக்கும் மேல ஸ்பிரிங் தானா தளர்ந்திருக்கு. புரி ரெண்டு தெரியுதேன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, உள்ளே வேற கணக்கு ஓடும். இப்ப புதுப் பெக் போட்டு அதே ரெண்டு புரிக்கு வெச்சா தலைகீழா மகா இறுக்கமாயிரும்.

ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டற இடத்துல இருந்து எண்ணுங்க. பெக் எவ்வளவு தேய்ஞ்சாலும் அந்த இடம் ஸ்பிரிங்கோட சொந்த இடம், மாறாது. முட்டற வரைக்கும் மெதுவா இறுக்கி (முட்டின பின்னால மேற்கொண்டு முறுக்கினா தட்டு வளையும்), அங்கிருந்து பின்னால வாங்கணும். இந்த வகை சுருள் ஸ்பிரிங் டிரக்குகளுக்குப் பொதுவா அரைச் சுற்றுல இருந்து முக்கால் சுற்று. உங்க வண்டிக் கையேட்டுல வேற எண் இருந்தா அதுதான் கணக்கு.

#19 · நொய்யல்கரை · சூலூர்

இறுக்கும்போது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினால் டிஃப் வழியாக ஷாஃப்ட் கூடவே சுற்றி எண்ணிக்கை பொய்யாகும். சில தட்டுகளில் ஆலன் கீ நுழையும் ஓட்டை உண்டு, அதில் தடுத்துப் பிடியுங்கள். நட்டின் ஒரு முகத்தில் மார்க்கர் கோடு போட்டால் எட்டில் ஒரு சுற்றைக்கூடக் கண்ணால் பார்க்கலாம். அது ஏறக்குறைய 0.09 எம்.எம். சின்னதாகத் தோன்றும், ஓட்டத்தில் நன்றாகவே தெரியும்.

நைலாக் நட் விரலாலேயே திருகும் அளவு தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். அதற்கு மாற்றாகத் திரெட் பசை போடாதீர்கள். பசை பெக்குக்கு வழிந்தால் இந்த இழையை முதலிலிருந்து படிக்க வேண்டிவரும்.

#20 · உடுமலைக்காத்து · உடுமலை

குறுக்க வர்றேனுங்க. என் டிரக்ல பால் டிஃப் (கியருக்குப் பதிலா குண்டு வெச்ச டிஃப்). சிலிப்பரைத் தொட்டா டிஃப் போயிரும்னு பயமுறுத்தறாங்களே?

#21 · ஆழியாறு · பொள்ளாச்சி

பால் டிஃப்ல சிலிப்பர்தான் முதல்ல வழுக்கணும். டிஃப் முதல்ல வழுக்கினா உள்ளே இருக்கற குண்டும் வளையமும் சுட்டுச் சொரசொரப்பாயிரும், அது சிலிப்பரை விடச் செலவு.

சோதனை: ஸ்பரையும் வலப் பக்க டயரையும் அசையாமப் பிடிச்சுக்கிட்டு, இடப் பக்க டயரை முன்னால திருப்பிப் பாருங்க. கஷ்டப்பட்டாலும் திரும்பக் கூடாது. அப்புறம் ரெண்டு டயரையும் பிடிச்சுக்கிட்டு ஸ்பரைத் திருப்புங்க. அது இதைவிட இலகுவா வழுக்கணும். இல்லைன்னா சிலிப்பரை எட்டுல ஒரு சுற்று தளர்த்துங்க. கியர் டிஃப் வண்டிக்கு இந்தச் சோதனையே கெடையாது.

#22 · செம்மண்தடம் · பல்லடம்

பூட்டியாச்சு. முக்கால் சுற்று தளர்வுல இருக்கு. பழக்கறது எப்படிங்ணா?

#23 · ஆழியாறு · பொள்ளாச்சி

புதுப் பெக்குக்கும் தட்டுக்கும் முழு முகமும் பொருந்தற வரைக்கும் பிடிப்பு மாறிக்கிட்டே இருக்கும். நின்ன இடத்துல இருந்து பாதித் திராட்டில்ல ஒரு விநாடி இழுப்பு, அரை நிமிஷம் ஆற விடணும், மறுக்கா ஒரு இழுப்பு. பத்துப் பன்னெண்டு இழுப்பு போதும். நடுவுல கியர் கவரைத் திறந்து ஸ்பர் முகத்துக்கிட்ட விரலைக் கொண்டுபோங்க (பேட்டரியைக் கழட்டிட்டு). தொட முடியாத சூடுன்னா ரொம்ப வழுக்குது. பொசுங்கின வாசம் வந்தா நிறுத்திருங்க. பழகின பின்னால பிடிப்பு கொஞ்சம் ஏறும், அதனால ஆரம்பத்துலயே இறுக்கி வெக்க வேண்டியதில்ல.

அப்புறம் தரை. எந்தத் தரையில ஓட்டறீங்களோ அங்கதான் செட் பண்ணணும். காய்ஞ்ச செம்மண்ல, சின்னக் கல்லுக் கெடக்கற இடத்துல டயரே வழுக்கிரும்; சிலிப்பருக்கு வேலை குறைவு. சிமெண்ட் களத்துல, கொப்பரை காயப் போடறோமே அங்க, டயர் கவ்விப் பிடிக்கும், மொத்த அடியும் சிலிப்பருக்கு. அங்க நின்ன இடத்துல இருந்து முழுத் திராட்டில் குடுத்தா முதல் ரெண்டு அடி தூரம் வரைக்கும் ‘கீங்’னு முனகல் கேட்டு நிக்கணும். முனகலே இல்லைன்னா எட்டுல ஒண்ணு தளர்த்தணும். ஆறு அடிக்கும் மேல முனகினா எட்டுல ஒண்ணு இறுக்கணும். மண்ணுல செட் பண்ணிட்டுக் களத்துக்குக் கொண்டுவந்தா ஸ்பர் பல்லு போறதுக்கு வாய்ப்பு அதிகம்.

கையில டயரைப் பிடிச்சுக்கிட்டு முழுத் திராட்டில் குடுத்துச் சோதிக்கற வீடியோ நிறையச் சுத்துது. பிரஷ்லெஸ் வண்டியில அது விரலுக்கு ஆபத்து. தரையிலயே பாருங்க.

#24 · காங்கயக்காளை · காங்கயம்

சரி, லாக் பண்ற யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஆடிக் காத்துல எங்க பக்கம் புழுதி சும்மாவே கண்ணைத் தொறக்க விடாது. அது சிலிப்பர்ல போகாம இருக்க என்ன பண்றது?

#25 · நொய்யல்கரை · சூலூர்

முழுதாக அடைக்க வேண்டாம். கியர் கவரை டேப் ஒட்டி மூடினால் சிலிப்பர் சூடு வெளியேறாமல் ஸ்பர் மெத்தென்றாகும். கவரில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள், கீழ்ப் பக்க ரப்பர் அடைப்பு இருந்தால் அது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவு போதும். ஓட்டி முடித்ததும் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டின் துடுப்புகளுக்கு நடுவே தட்டிவிடுங்கள். கம்ப்ரசர் காற்றை நேராகப் பாய்ச்சினால் புழுதி புஷ்ஷுக்குள் போகும்.

செம்மண் புழுதி பெக்கைத் தேய்க்கும். கரிசல் அப்படியல்ல, ஈரத்தில் ஸ்பருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே அப்பிக்கொண்டு காய்ந்ததும் கட்டியாகி ஸ்பரை ஒரு பக்கம் சாய்க்கும். அதை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

#26 · ஆழியாறு · பொள்ளாச்சி

எங்க பக்கத் தென்னந்தோப்புல ஓட்டறவங்களுக்கு மூணாவது ஒண்ணு: நார். ஷாஃப்ட்ல சுத்தி, உள்தட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இறுகிக்கும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, சிலிப்பர் பிடிச்ச மாதிரியே இருக்கும். கூர் முனைப் பிஞ்சர்ல இழுத்து எடுங்க, பிளேடு போட்டா ஷாஃப்ட்ல கோடு விழும்.

#27 · செம்மண்தடம் · பல்லடம்

களத்துல ஓட்டிப் பார்த்தாச்சுங்ணா. ரெண்டு அடி முனகல், அப்புறம் சுத்தமாப் பிடிக்குது. டக்குனு விடறது இல்ல. எட்டுல ஒண்ணு மட்டும் இறுக்க வேண்டியிருந்துச்சு.

கடைசியா ஒண்ணு. வேகத்துக்கு பினியனை 19-ல இருந்து 23 ஆக்கலாம்னு இருக்கேன். சிலிப்பரை மாத்தணுமா?

#28 · நொய்யல்கரை · சூலூர்

மோட்டார் ஸ்பருக்குக் கொடுக்கும் முறுக்கு விசை பல் விகிதத்தைப் பொறுத்தது. 86/19 என்றால் 4.53 மடங்கு, 86/23 என்றால் 3.74 மடங்கு. 17 சதவீதம் குறைகிறது. அதே நட் இருப்பில் இனிமேல் முனகல் குறையும், சில சமயம் கேட்கவே கேட்காது. அதைப் பார்த்துச் சிலிப்பரைத் தளர்த்த அவசரப்படாதீர்கள். கியர் பாக்ஸ் அதிகபட்சம் தாங்கும் விசையைத் தீர்மானிப்பது நட்டின் இருப்பு, பினியன் அல்ல. குதித்து விழும் அடி முன்பு போலவே அதே இடத்தில் வழுக்கும். முதல் ஓட்டத்தில் நட்டைத் தொடாமல் விடுங்கள்.

#29 · லேத்துமேடை · கணபதி, கோவை

48 பிட்ச்ல நாலு பல்லு கூடினா மோட்டாரை 1.06 எம்.எம். பின்னால தள்ளணும். உங்க மோட்டார் மவுண்ட்ல அவ்வளவு இடம் இருக்கான்னு முதல்ல பார்த்துக்குங்க. மெஷ் வெக்கறப்ப ரெண்டு கியருக்கும் நடுவுல நியூஸ் பேப்பர் துண்டு ஒத்தையா விட்டு, மோட்டாரை அழுத்தித் திருகை இறுக்கிட்டுத் தாளைச் சுத்தி வெளியே எடுங்க. தாள் கிழியாம மடிப்பு மட்டும் விழுந்திருக்கணும். புது ஸ்பர்ங்கறதால ஒரு முழுச் சுற்று சுத்தி நாலு இடத்துல ஆட்டத்தைப் பாருங்க. ஒரு பக்கம் இறுகி எதிர்ப் பக்கம் தளர்ந்தா ஸ்பர் தட்டுல நேரா உட்காரல, கழட்டி மறுக்கா வைங்க.

அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு மோட்டார் சூட்டைப் பாருங்க. 80 டிகிரியைத் தாண்டினா 21-க்கு இறங்கிருங்க.